“ஒண்ணும் சேதமில்லீங்க!”

வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பிரச்னை புடவைதான், இல்லையா? என் நாத்தனார் பெண்ணுக்கு 2025 மாசியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். காஞ்சிபுரம் போகலாமா, ஆரணி போகலாமா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. “கடையில் போய்க் குழம்புவானேன் அண்ணி? நெய்கிற ஊருக்கே போய்ப் பார்த்துவிடலாமே!” என்றாள் நாத்தனார். தை பிறந்து பொங்கல் அலுப்புத் தீர்ந்ததும், நாங்கள் இருவரும் தேவிகாபுரத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

சென்னையிலிருந்து வந்தவாசி வழியாகச் சேத்துப்பட்டு போகவேண்டும். நம் எழும்பூருக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டு இல்லை. லூர்து மாதா கோயிலுக்குப் பேர் போன சேத்துப்பட்டு. அங்கே போளூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வழியிலேயே தேவிகாபுரம் வந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டம். ஆரணிப் பட்டு என்று நாம் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் எத்தனையோ புடவைகள் இந்த ஊர்த் தறியில் பிறந்தவைதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கண்ணில் படுவது பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரம். விஜயநகர காலத்து வேலைப்பாடுள்ள தூண்கள். நின்று பார்க்கப் பார்க்க நேரம் போவதே தெரியாது. ஊரை ஒட்டினாற்போல் ஒரு மலை. அதன் மேல் கனககிரீஸ்வரர் இருக்கிறார். அம்பாள் தவமிருந்த ஊராதலால் தேவிகாபுரம் என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் காலை வைத்ததும் காதில் விழுவது தறிச் சத்தம். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் தொடங்கும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி தார் சுற்றிக் கொண்டிருந்தார். ‘இதைக் கேட்டுக்கொண்டே இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே’ என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சத்தம் ஒரு சமயம் நின்றே போயிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சுவரில் ஒரு கோடு

தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பிய வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் “வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க” என்று வரவேற்றார். கூடத்திலேயே இரண்டு தறிகள். ஒன்றில் வீட்டுக்காரர், இன்னொன்றில் மகன். மருமகள் ஒரு பக்கம் கைக்குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே நூலைப் பிரித்துக் கொண்டிருந்தாள்.

குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? தரையில் இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டியிருக்கும். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு, மிதியை மிதிப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அந்த அட்டையில் உள்ள துளைதான் புடவையில் மயிலாகவும் மாங்காயாகவும் வருகிறது.

வீட்டுக்காரர் மாம்பழ நிறப் புடவை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நாத்தனார் அதில் சொக்கிப் போனாள். எனக்குப் பார்வை வேறு எங்கோ போயிற்று. தறிக்குழியின் உட்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு.

“அது என்ன அக்கா?” என்று கேட்டேன்.

“அதுவா? கார்த்திகை மழைம்மா. மேல இருந்து ஒழுகல. கீழ இருந்து வந்துச்சு” என்றார்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திருவண்ணாமலை மாவட்டத்தில் விடாத மழை. தேவிகாபுரத்துத் தெருவில் வெள்ளம் ஓடி யாரையும் அடித்துக்கொண்டு போகவில்லை. அக்கா வீட்டு ஓடுகூட நகரவில்லை. ஆனால் நிலத்தடியில் தண்ணீர் ஏறி, குழிக்குள் ஊறிக் கொண்டே வந்திருக்கிறது. பகலெல்லாம் வாளியால் இறைப்பார்களாம். ராத்திரி தூங்கி எழுந்தால் மறுபடி முழங்கால் தண்ணீர்.

தறியில் பாதி நெய்த புடவை. பாவு நூலைப் பழைய வேட்டியால் மூடி வைத்தும் ஈரக்காற்று விடவில்லை. பட்டு ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது அல்லவா? இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் அறுந்தன. ஜரிகை ஒரு பக்கம் மங்கிற்று. ஜக்கார்டு அட்டைகள் ஊறிப் போய் உப்பிக்கொண்டன. காய வைக்க வெயில் வேண்டுமே!

“பத்தொம்பது நாள் தறி நின்னுச்சும்மா. ஒரு சேலைக்குப் பன்னண்டு நாள் வெச்சிக்குங்க. ஒண்ணரை சேலைக் கூலி போச்சு. தை மாசத்துக்குத்தான் நல்ல கிராக்கி, அந்த நேரம் பாத்து கை கட்டிக்கினு ஒக்காந்திருந்தோம். பாதி பாவு கெட்டுப் போச்சு. பட்டு நம்முது இல்ல, மொதலாளியுது. இன்னும் கூலியில கழிச்சிக்கினு இருக்காரு” என்றார் அக்கா.

ஈரச் சுவர், ஈரத் தரை. அதில் ஐந்து மாதக் குழந்தை. “இருமல் வந்து ராவெல்லாம் தூங்கல” என்று மருமகள் சொன்னாள்.

“அரசாங்கத்திலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லையா?” என்றேன்.

“ஐயோ, வந்தாங்களே! தெருத் தெருவா வந்து கேட்டாங்க. ‘வீடு எதாவது இடிஞ்சுதா? மாடு கன்னு போச்சா?’ன்னு நல்லாத்தான் விசாரிச்சாங்க.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

அக்கா சிரித்தார். “ஒண்ணும் சேதமில்லீங்க, வீடு நல்லாத்தான் கீதுன்னு சொல்லிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது நாள் கூலி, பாதி பாவு, குழந்தையின் இருமல், முதலாளியிடம் கடன். இதெல்லாம் ‘ஒண்ணுமில்லை’யா?

அன்று நடந்தது என்ன?

அக்காவை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு மாவட்டம் முழுதும் இருந்த நிலைமையில், நின்றுபோன தறி யார் கண்ணில் படும்?

ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகும் சட்டென்று விலகாமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர்; அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கடலே தெரியாத ஊர் ஊத்தங்கரை! புயல் கடற்கரைக்காரர்களின் கஷ்டம் என்று இனி யாரும் நினைக்க முடியாது.

டிசம்பர் 1-ஆம் தேதி மாலை திருவண்ணாமலையில் தீபமலைச் சரிவு இடிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் பாறைக்கும் சேற்றுக்கும் நடுவே தேடினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 13-இல் கார்த்திகை தீபம் ஏற்றியபோது பக்தர்களை மலையேற விடவில்லை. அதே மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் தண்ணீர் கட்டுக்கடங்காமல் வர, நள்ளிரவில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன.

இந்த அமளியில் அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். சேதமான குடிசைக்கு 10,000. தண்ணீரில் அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. பசு, எருமை போனால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் சூழ்ந்து பிழைப்புக் கெட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் தொலைத்தவர்களுக்கு முகாம் என்றும் அறிவித்தார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமரிடம் உடனடியாக 2,000 கோடி கேட்டார். டிசம்பர் 6-ஆம் தேதி மத்திய அரசு, மாநிலப் பேரிடர் நிதிக்குத் தன் பங்காக 944 கோடியே 80 லட்சம் ரூபாய் விடுவித்தது. மத்தியக் குழுவும் வந்து பார்த்துப் போயிற்று.

உயிரைக் காப்பதில் நாம் எவ்வளவோ முன்னேறிவிட்டோம் என்பதும் உண்மை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஓர் இரவில் அழிந்தது. 1999-இல் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013-இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே பத்திரமான இடத்துக்குக் கொண்டு போனார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. எச்சரிக்கை, முகாம், மீட்புப் படை எல்லாம் கூடியதன் பலன் அது.

ஆனால் புயல் போன பிறகு, வீட்டுக்குள் நடந்த நஷ்டத்தை எண்ணுவதில்தான் இன்னும் சிக்கல். இடிந்த சுவர் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும். செத்த மாட்டைப் படம் எடுக்கலாம். நின்று போன தறி என்ன செய்யும்? சும்மா நிற்கும், அவ்வளவுதான்!

தறிக்கும் ஒரு வரி உண்டு

ஊர் திரும்பியதும் என் மனசு கேட்கவில்லை. நிவாரண விதிகளைத் தேடிப் படித்தேன். மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட பேரிடர் நிவாரண நெறிமுறையில் பயிர், மாடு, வீடு இவற்றோடு கைத்தறி, கைவினைத் தொழிலாளருக்கென்றே தனி இனம் இருக்கிறது! சேதமான கருவிக்கு ஒருவருக்கு 5,000 ரூபாய். கெட்டுப்போன மூலப்பொருள், பாதியில் நிற்கும் சரக்கு, முடிந்த சரக்கு இவற்றுக்கு 5,000 ரூபாய். அது 2026 மார்ச் வரைக்குமான தொகை. தொகை காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் தறி என்ற வார்த்தை அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது என்பது எத்தனை தறிக்காரர் வீட்டில் தெரியும்?

உப்பிப் போன ஜக்கார்டு அட்டை, கருவி. அறுந்த பாவு, பாதியில் நின்ற சரக்கு. அக்கா வீட்டு நஷ்டம் அப்படியே அந்த வரிகளுக்குள் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சேதம் ஆனது என்று உரிய அதிகாரி சான்று தரவேண்டும். சொல்லாத சேதத்துக்கு யார் சான்று தருவார்?

‘பட்டு முதலாளியுடையது, நாம் எப்படிக் கேட்பது’ என்ற கூச்சம் இருக்கிறதே, அதுதான் அக்காவின் வாயைக் கட்டியது. பட்டு அவருடையதாக இருக்கலாம். நஷ்டம் கூலியில்தானே கழிகிறது? அப்படியானால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பட்டுக்கான உதவி யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியது அதிகாரி. தறியும் அட்டையும் உங்களுடையது என்றால் அதற்குக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

இன்னொன்று பாருங்கள். நம் நாட்டில் 2019-20-இல் நடந்த கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும், நூல் பிரிப்பதும் அவர்கள்தான். ஆனால் “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் “சும்மா வீட்டிலதான் இருக்கேன்” என்று பதில் வரும். வேலையையே சொல்லாதவள் வேலை நின்றதை எங்கே சொல்லப் போகிறாள்?

அடுத்த மழைக்கு முன்

அன்று மத்தியானம் அக்கா வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஒரு பெண் சொன்னவை எல்லோருக்கும் உதவும். கேட்டு வந்ததைத் தருகிறேன்.

முதலில், காகிதங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், நெசவாளர் அடையாள அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண் மேல் வையுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் தேடக் கூடாது. கை நீட்டினால் கிடைக்கவேண்டும்.

இரண்டாவது, படம். எல்லா வீட்டிலும் செல்போன் இருக்கிறது. மழைக்கு முன்பே தறியை, மிஷினை, சரக்கை ஒரு படம்; தண்ணீர் வந்தபின் அதே இடத்திலிருந்து இன்னொரு படம். துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் படம் எடுப்பதில் பிரயோஜனமில்லை. சுத்தம் செய்யும் அவசரம்தான் நமக்கு முதல் எதிரி!

மூன்றாவது, ஒரு நோட்டு. இன்ன தேதியில் தண்ணீர் வந்தது, இத்தனை நாள் வேலை நின்றது, இவ்வளவு கடன் வாங்கினோம் என்று பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதி வையுங்கள்.

நான்காவது, எழுத்தில் கொடுப்பது. வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கேயும் ஒரு நகல். தெருவே சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. ஆபத்து வேளையில் கூப்பிட மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

கூடவே உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஸ்விட்ச் போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகே மின்சாரம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் இருந்தால் குழித் தண்ணீரை நீங்கள் இறைக்க வேண்டாம். குடிதண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஈர வீட்டில் கைக்குழந்தைக்கு இருமலோடு மூச்சு வேகமாக வாங்கினால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

மலைமேல்

வெயில் தாழ்ந்ததும் படியேறி கனககிரீஸ்வரரைத் தரிசித்தோம். இந்த சுவாமிக்கு ஒரு விசேஷம் உண்டு. வெந்நீரில் அபிஷேகம்! வேடன் ஒருவன் கிழங்கு தோண்டும்போது ஆயுதம் பட்டு ரத்தம் வந்ததாம். அந்தக் காயத்துக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இன்றைக்கும் வெந்நீர்.

மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. ஏரி, அறுவடைக்கு நின்ற நெல், ஓட்டு வீடுகள். அத்தனை உயரத்திலிருந்து எந்த வீட்டுத் தறிக்குழியும் தெரியவில்லை.

மாம்பழ நிறப் புடவையையே வாங்கிக்கொண்டோம். பேரம் பேச நாத்தனாருக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது அக்கா குங்குமம் கொடுத்து, “அடுத்த மொற யாராச்சும் வந்து கேட்டா தறிக்குழியக் கூட்டிக்கினு போய்க் காட்டுறேம்மா” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் வெகுநேரம் பேசவே இல்லை. வந்தவாசி தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்ததே. ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாய் வாங்கினோம். என் தையல் மிஷின் மோட்டார் போய், இரண்டு மாசம் ஒரு ரவிக்கை தைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று.”

“நீ என்ன சொன்னாய்?”

“ஒண்ணுமில்லை, ஃப்ரிட்ஜ் மட்டும்தான் போச்சு என்றேன்.”